பெயர் இல்லாத பரு மாத்திரை: சுங்கை சிப்புட் மக்கள் கவனத்திற்கு

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அழகு நிலையம் நடத்தும் ஒருவர், முகப்பருவுக்கு "ஸ்கின் விட்டமின்" என்று சொல்லி மாத்திரை விற்கிறார். சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய பேர் போகிறார்கள். என் தங்கையும் 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினாள். பெட்டி இல்லை, ரசீது இல்லை. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பரு குறைந்தது உண்மைதான். ஆனால் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்றார் கடைக்காரர். அப்புறம்தான் காது. ராத்திரி படுத்தால் இரண்டு காதிலும் ஙொய்யென்று ஒரே இரைச்சல். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. கிட்டப் போய்த் தோளைத் தொட்டால்தான் திரும்புவாள். கடைக்காரரிடம் சொன்னதற்கு, "காதுக்கும் பருவுக்கும் என்னம்மா சம்பந்தம்? நிறுத்தினா பரு திரும்ப வந்துடும்" என்று அடுத்த பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

சம்பந்தம் இருக்கிறது. கிளினிக்கில் டாக்டர் அந்த வெட்டுத் துண்டுகளை மேசையில் பரப்பினார். ஒன்றின் ஓரத்தில் "ட்ரெட்டினோயின்" என்ற பின்பாதி மட்டும் வெட்டுக்குத் தப்பியிருந்தது. ஐசோட்ரெட்டினோயின்! 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. கடுமையான பருவுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவதும் அதன் பக்கவிளைவுகளில் பதிவாகியுள்ளன. எல்லோருக்கும் வராது, வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு நிறுத்திய பிறகும் காது பழையபடி திரும்பவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் கடைக்காரர் "நிறுத்தாதே" என்றிருக்கிறார்.

எனக்கு அதைவிட வயிறு எரிவது வேறொன்று. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிட்டால் கருவிலுள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். அதனால்தான் முறையாகக் கொடுக்கும் டாக்டர்கள் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்கிறார்கள். கல்லீரல், கொழுப்பு அளவுக்கு ரத்தமும் எடுக்கிறார்கள். இங்கே கல்யாணமான பெண்களுக்கும் ஒரு கேள்வி கேட்காமல் அதே பாக்கெட்.

மலேசியாவில் டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. முறையான மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும், சாய்த்தால் மின்னும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும்.

தங்கைக்கு இரைச்சல் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. காது பரிசோதனைக்கு ஈப்போவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகாரும் கொடுத்துவிட்டோம். அவரிடம் வாங்கியவர்கள் மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெட்டின அட்டையோடு அப்படியே கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். காதில் சத்தம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.