புல் ரிக்வெஸ்டா, மின்னஞ்சல் பேட்ச்சா?

“திருகோணமலை” என்று தேடினேன். பட்டியலில் ஊர்ப்பெயர் கண்ணுக்கு முன்னால் நிற்க, “முடிவு இல்லை” என்றது ஒரு திறமூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடியது. கோளாறு ‘கோ’வில். ஒருவர் தட்டும்போது ஓகாரக் குறி ஒரே யுனிகோட் குறியாக விழும். இன்னொருவருக்கு இரட்டைக் கொம்பும் அரவும் தனித்தனியாக விழும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடுமுன் இரண்டையும் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோட் வடிவுக்கு, மாற்றினால் சரி. நான்கே வரி.

கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, இதை எப்படி அனுப்புறது? புல் ரிக்வெஸ்டா, ஈமெயிலா?”

புல் ரிக்வெஸ்ட் என்றால், கிட்ஹப் போன்ற தளத்தில் ‘என் திருத்தத்தைச் சேருங்கள்’ என்று வைக்கும் கோரிக்கை. பேட்ச் என்றால், மாற்றிய வரிகளைக் காட்டும் சிறு கோப்பு; அதைக் கடிதமாக அனுப்புவது மற்ற வழி. திட்டம் எதைக் கேட்கிறதோ அதுதான் வழி. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்கு கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் போட்டால் எடுக்க மாட்டார்கள். ஆனால் இரண்டும் நம்மிடம் கேட்கும் உழைப்பு வேறு.

புல் ரிக்வெஸ்ட் புதியவருக்கு லேசு. ஃபோர்க் (திட்டத்தின் சொந்தப் பிரதி) எடுத்து, தனிக் கிளையில் திருத்தி, பொத்தானை அமுக்கினால் போதும். பல திட்டங்களில் சோதனைகள் தானாக ஓடும். எந்த வரியில் பிழையோ அந்த வரிக்குக் கீழேயே பேசலாம். இந்த லேசுதான் வில்லங்கமும். “சரி, அப்புறம் திருத்தலாம்” என்று அரைகுறையாக அனுப்பத் தோன்றும். பிறகு “எழுத்துப்பிழை”, “மறுபடி எழுத்துப்பிழை” என்று கொமிட்டுகள் (பதிவு செய்த மாற்றங்கள்) குவியும்.

மின்னஞ்சல் வழியில் தொடக்கமே முரண்டு பிடிக்கும். ஜிமெயில் இணையப் பக்கத்தில் பேட்ச்சை ஒட்டி அனுப்பினால் டேப் விசைக் குறிகள் வெறும் இடைவெளியாகும், நீண்ட வரிகள் உடையும். வாங்குபவர் அதை நிரலில் பொருத்தவே முடியாது. ஆகவே பேட்ச்சைச் சிதைக்காமல் அனுப்பும் கட்டளையான கிட் சென்ட்-இமெயில். கேர்னல் என்றால் இன்னும் கறார்: எழுத்துநடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்ட வேண்டும், இதை அனுப்பும் உரிமை உண்டு என்று உங்கள் பெயரில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி வேண்டும், பிழையைக் கொண்டுவந்த பழைய கொமிட்டைக் குறைந்தது 12 எழுத்து அடையாளத்தோடு ‘ஃபிக்ஸஸ்’ வரியில் சுட்ட வேண்டும். பதில் வர 2, 3 வாரமும் ஆகலாம். ஒரு வாரமாவது பொறுக்காமல் மறுபடி நினைவூட்டக் கூடாது.

ஆனால் அந்தக் கறார் நல்ல பழக்கம் தரும். கடிதத்தில் போகும் என்றால், ஏன் மாற்றினேன் என்று நாலு வரி எழுதாமல் விட மனம் வராது. உவர்மலையில் மழையோடு இணையம் போனாலும் பேட்ச்சை ஆயத்தமாக வைத்துவிட்டு, வந்ததும் அனுப்பலாம், சில கிலோபைட்தானே.

லிப்ரேஆஃபிஸ், மீடியாவிக்கி திட்டங்கள் பக்கம் போனால் கெரிட் என்ற மதிப்பாய்வுத் தளம். ஒரே கொமிட்டைத் திருத்தித் திருத்தி அனுப்பும் முறை, நடுவாந்தரம்.

தம்பிக்கு நான் சொன்னது: புல் ரிக்வெஸ்ட்டே போடுங்கள், ஆனால் மின்னஞ்சலில் போவதுபோல எழுதுங்கள். பட்டறிவுதான். நான் முதலில் அந்த நான்கு வரியோடு கோப்பு முழுக்க இடைவெளிகளையும் ஒழுங்கு செய்து அனுப்பினேன். திருத்தம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. “பிரித்து அனுப்புங்கள்” என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. அடுத்த முறை நான்கு வரி, கூடவே ஒரு சோதனை: திருகோணமலையை இரண்டு விதமாகவும் தட்டி, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது. அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.