எடின்பரோ கோட்டை டிக்கெட்: 184 பவுண்ட் போச்சு, நீங்களும் மாட்டிக்காதீங்க

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ போகிறவர்கள், "கோட்டை நுழைவு + கைடு + பழைய நகரம்" என்று சேர்த்து விற்கும் சுற்றுலா புக்கிங் தளங்களில் கார்டு நம்பரைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் 184 பவுண்டை அப்படி ஒரு தளம் விழுங்கிவிட்டது. நம் ஊர்க் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். இன்னும் கை நடுங்குகிறது, குளிரால் இல்லை.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமா, அத்தை. மாமா திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்காட்லாந்து என்றதும் ஏரி வேண்டாம், மலை வேண்டாம், "அந்த மான்ஸ் மெக் பீரங்கியைக் காட்டுங்க மாப்பிள்ளை, போதும்" என்றார். எடின்பரோ கோட்டைக்குள் இருக்கும், 1449-ல் செய்த பீரங்கி அது. எடை ஆறு டன்னுக்கு மேல், சுடும் கல் குண்டு ஒன்றே 150 கிலோ. பிற்பாடு மரியாதை வேட்டு போட்டபோது குழாய் வெடித்துப்போனது. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாக இறுக்கிய குழாய் எங்கே விட்டுக்கொடுத்தது என்று கிட்டே நின்று பார்க்க வேண்டுமாம் அவருக்கு.

கோட்டையின் சொந்த இணையதளத்தில் ஞாயிறு டிக்கெட் எல்லாம் தீர்ந்திருந்தது. கோடையில் அப்படித்தான், நேரம் குறித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். சரி என்று தேடியபோதுதான் இந்தத் தளம். ஆளுக்கு 46 பவுண்ட். சுற்றுலா நடத்துபவர்கள் மொத்தமாக டிக்கெட் வாங்கி வைத்திருப்பது உலக வழக்கம், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. இருந்தும் சும்மா வாங்கவில்லை. சாட்டில் ஆளைப் பிடித்து, "கோட்டைக்கு உள்ளே போகும் டிக்கெட் இதில் இருக்கிறதா? வயதானவர்களோடு வருகிறோம், வாசல் வரை வந்து திரும்ப முடியாது" என்று தெளிவாகக் கேட்டேன். பதில் ஒரு நிமிடத்தில் வந்தது: ஆமாம், நான்கு பேருக்கும் நுழைவுச் சீட்டு கைடு கையில் இருக்கும், கவலை வேண்டாம், குடும்பத்தோடு மகிழுங்கள். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அந்த உரையாடலை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் 184 பவுண்ட் கட்டினேன். எழுத்தில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு மனுஷன் வேறு எதை நம்புவான்?

காலை 11:30-க்கு, பழைய நகரத்தின் முக்கியத் தெருவான ராயல் மைலில் ஆடம் ஸ்மித் சிலையடியில் வரச் சொன்னார்கள். சந்தைப் பொருளாதாரம் சொன்ன ஆளின் காலடியிலேயே இந்த வியாபாரம். கைடு அரை மணி நேரம் தாமதமாக, ஒரு மஞ்சள் குடையோடு வந்தார். சுமார் இருபது பேர் கூடியிருந்தோம். மன்னிப்பு கிடையாது, பெயர்ப் பட்டியல் சரிபார்ப்பும் கிடையாது. பக்கத்திலேயே செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம். ஞாயிறு காலை ஆராதனை நேரம் என்பதால் உள்ளே போகவில்லை. வாசலுக்கு வெளியே தரையில் இதய வடிவில் பதித்த கற்களைக் காட்டி, பழைய சிறை இருந்த இடம், இங்கே துப்பினால் அதிர்ஷ்டம் என்றார். அத்தை முகத்தைச் சுளித்தார். ஒரு சந்துக்குள் நுழைத்து வெளியே கொண்டுவந்தார். பிறகு கோட்டையை நோக்கி ஏற்றம். கல் பாவிய தெரு, எதிர்க்காற்று, அத்தைக்கு முழங்கால் வலி. கைடு பேசியதைவிடத் தன் போனைப் பார்த்ததே அதிகம்.

கோட்டைக்கு முன்னால் இருக்கும் திடலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஆகஸ்ட் ராணுவ இசை அணிவகுப்புக்காக இரண்டு பக்கமும் இருக்கைகள் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அங்கே நிறுத்தி, இதோ பாருங்கள், ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும், 1861-லிருந்து நடக்கும் வழக்கம், இங்கே நின்றால் நன்றாகக் கேட்கும், கேட்டுவிட்டு வாசலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள் என்றார். டிக்கெட் எங்கே என்றேன். "எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது" என்று பதில். எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுக் குடையை மடக்கினார். பாவம், இந்தக் காற்றில் அலைகிறானே என்று அத்தை சொல்லி 5 பவுண்ட் டிப்ஸ் வேறு கொடுத்தோம்.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு மணி. சத்தம் இல்லை. ஒன்று ஐந்து. சத்தம் இல்லை. வாசலில் நின்ற ஊழியரிடம் போய்க் கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை பீரங்கி சுடுவதில்லை. ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் விடுமுறை. துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரம் திருத்திக்கொள்ள ஆரம்பித்த வழக்கம் அது. கால்டன் குன்றின் கோபுரத்தில் ஒரு மணிக்கு விழும் பந்து மூடுபனியில் தெரியாது என்பதால் சத்தம் தேவைப்பட்டது. அந்த ஊரில் கைடு என்று காசு வாங்குபவருக்கு இதுகூடத் தெரியாதா? தெரியும். நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் கால் மணி நேரத்தில் அவர் தெருவைத் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் விஷயம்.

பெயர்ப் பட்டியல் என்று எதுவும் இல்லை. சிஸ்டத்திலும் இல்லை. எங்களோடு வந்த ஸ்பெயின் நாட்டுத் தம்பதிக்கும் அதே பதில். அன்றைய டிக்கெட் முழுதும் தீர்ந்தது, நாளையும் தீர்ந்தது, செவ்வாய்க்கு வாருங்கள் என்றார்கள். எங்களுக்கு இன்று மதியம் இன்வர்னஸ் ரயில். மாமா மதில் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "விடுங்க மாப்பிள்ளை, பீரங்கி எங்கயும் ஓடிப் போகாது" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இனி ரீஃபண்ட் கதை. திடலிலேயே நின்று அதே சாட்டைத் திறந்தேன். சுற்றுலாவை உள்ளூரில் நடத்துபவரைக் கேளுங்கள் என்றார்கள். அவர் எண்ணுக்கு அடித்தால் மணி அடித்து நிற்கிறது. மாலையில் அவரிடமிருந்து ஒரு வரி: பணம் வாங்கியது தளம், தளத்திடம் பேசுங்கள். தளத்திடம் போனால், 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்திருந்தால் முழுப் பணம் தந்திருப்போம் என்கிறார்கள். நடக்காத ஒன்றை நான் எதற்கு முன்கூட்டி ரத்து செய்ய வேண்டும்? சாட் படத்தை அனுப்பினேன். வேறொரு பெயரில் வேறொருவர் வந்தார், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். இன்று காலை மின்னஞ்சல்: சுற்றுலா முழுமையாக நடந்ததாக நடத்துபவர் உறுதி செய்திருக்கிறார், எனவே புகார் முடித்து வைக்கப்பட்டது, அடுத்த புக்கிங்கில் 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன் இணைத்திருக்கிறோம். 184 பவுண்டுக்கு ஒரு கூப்பன்! அதற்கு அடியில் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்ற கேள்வி வேறு.

மத்தியானம் என்ன செய்தோம் என்றால், சேம்பர்ஸ் தெருவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். அனுமதி இலவசம். அத்தை உட்கார இடம் கிடைத்தது. மாமா பழைய நீராவி இயந்திரங்களின் பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. பிறகு கால்டன் குன்று, அதுவும் இலவசம். 1826-ல் தொடங்கி மூன்றே வருடத்தில் காசு தீர்ந்து, பன்னிரண்டு தூணோடு நின்றுபோன நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. "இவங்ககிட்டயும் எவனோ முன்பணம் வாங்கிட்டு ஓடிட்டான் போல" என்றார் மாமா. அன்றைக்கு நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் வரிசையாக வரமாட்டேன் என்கிறது. கோட்டை டிக்கெட்டை அவர்களுடைய சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள், ஆளுக்கு இருபது பவுண்டை ஒட்டித்தான் வரும். கோடையில் போவதாக இருந்தால் ரயில் டிக்கெட்டுக்கு முன்பே அதை வாங்குங்கள். நுழைவுக்கான கியூஆர் கோட் உங்கள் போனுக்கு வராவிட்டால் டிக்கெட் இல்லை என்று அர்த்தம், கைடு கையில் இருக்கிறது என்ற பேச்சே வேண்டாம். யாராவது ஞாயிற்றுக்கிழமை பீரங்கிச் சத்தம் கேட்கலாம் என்றால் அங்கேயே பிடித்து நிறுத்துங்கள். டெபிட் கார்டு வேண்டாம், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சாட்டைப் படம் பிடியுங்கள்.

அந்தப் படம் ஒன்றுதான் இப்போது என் கையில் இருக்கிறது. கார்டில் போன பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் சார்ஜ்பேக் போட்டிருக்கிறேன், இன்னும் சில காகிதங்கள் கேட்கிறார்கள், இன்றிரவே அனுப்ப வேண்டும். 184 பவுண்டில் ஒரு பைசாவாவது திரும்பினால் இதே பதிவில் சேர்க்கிறேன். இதே மஞ்சள் குடையிடம் மாட்டியவர்கள் இருந்தால் தேதியோடு கமெண்டில் எழுதுங்கள், வங்கிக்குச் சேர்த்து அனுப்பலாம்.