ஆல்பா-7 தேட எதை வாங்குவது: ஆன்டிபாடியா, பாம்பு நஞ்சா?

"அக்கா, மூணு பேண்ட் வருது. இதுல எது நம்மோடது?"

பெங்களூரு லேபில் புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி வெஸ்டர்ன் பிளாட்டை, அதாவது புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் படத்தை, நீட்டினான். நரம்புச் செல்லின் சவ்வில் இருக்கும் நிக்கோட்டினிக் அசிடைல்கோலின் ஏற்பியின் ஆல்பா-7 அலகைத் தேடும் எல்லோருக்கும் ஒருநாள் வரும் கேள்விதான். அந்தப் புரதத்தின் எடையான 55 கிலோடால்டனை ஒட்டி ஒரு பட்டை (பேண்ட்) தெரிந்ததும் மனம் துள்ளும். ஆனால் 2007-இல் வந்த ஓர் ஆய்வில், கடையில் விற்ற பல ஆன்டிபாடிகள் அந்த மரபணுவே இல்லாத நாக்கவுட் சுண்டெலியின் மூளையிலும் அதே பட்டையைக் காட்டின.

முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடிக் கலவையான பாலிகுளோனலில் சிக்னல் பளிச்சென்று வரும். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் முயலும் மாறியிருக்கலாம். போன வருடப் படம் இந்த வருடம் வராது. ஒரே ரக ஆன்டிபாடி மட்டும் கொண்ட சுண்டெலி மோனோகுளோனலில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சுண்டெலி மூளைச் சீவலில் போட்டால், முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிகாட்டும் செகண்டரி ஆன்டிபாடி அந்தத் திசுவின் சொந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். ரத்தக் குழாயெல்லாம் சீரியல் லைட் போட்டதுபோல் மின்னும். மரபணுவிலிருந்து லேபில் செய்யும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடியின் வரிசை தெரிந்தது என்பதால் லாட்டுக்கு லாட் மாறாது. சரி, அதனாலேயே நம்பலாமா? தப்பான புரதத்தைப் பிடிக்கும் ரகமாக இருந்தால், ஒவ்வொரு லாட்டிலும் விசுவாசமாகத் தப்பாகவே பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது ஆல்பா-பங்காரோடாக்சின். நம்மூர்க் கட்டுவிரியனின் உறவான தைவான் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து 1963-இல் பிரித்தெடுத்தது. ஒளிரும் சாயம் கோத்து, உயிருள்ள நியூரான்மேல் ஊற்றினால், சவ்வின் மேற்பரப்பில் ஐந்து அலகும் கூடி முழுதாக நிற்கும் ஏற்பியில் போய் ஒட்டும். ஆல்பா-7 ஏற்பியை அடைக்கும் மெத்தில்லைகாகோனிடைனை முன்கூட்டியே கொடுத்தால் அந்த ஒளி மறைய வேண்டும். எந்த பேண்ட் நம்முடையது என்று மண்டையை உடைக்க வேண்டாம். தசையில் மட்டும் வேண்டாம், அங்குள்ள ஏற்பியையும் இது விடாது. வெஸ்டர்னுக்கும் ஆகாது, எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் போட்டுப் புரதத்தின் மடிப்பைக் குலைத்தபின் அது ஒட்டும் குழி ஏது?

ஆக, மேற்பரப்பு ஏற்பியைப் பார்க்க நஞ்சு. வெஸ்டர்ன்தான் வேண்டுமென்றால் ரீகாம்பினன்ட், அதுவும் நாக்கவுட் படத்தைக் காட்டுகிற விற்பனையாளரிடம் மட்டும்.

அப்புறம் பக்கத்து லேபில் கேட்டு, நாக்கவுட் மூளை கொஞ்சம் வாங்கி ஓட்டினோம். மூன்று பட்டையும் அப்படியே இருந்தன. மிச்ச ஆன்டிபாடி ஃபிரிட்ஜின் கதவோரம் கிடக்கிறது. தம்பி அதன் மூடியில் சிவப்பு மார்க்கரால் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறான்.