புடாபெஸ்ட்டுக்குப் புதினின் விமானம்: எந்த வழி திறந்திருந்தது?

2025 அக்டோபர் 16 அன்று டிரம்ப்பும் புதினும் தொலைபேசியில் பேசி, அடுத்த சந்திப்பு ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டபோது, அங்கே என்ன பேசுவார்கள் என்பதைவிட, புதின் எந்த வழியாகப் போய்ச் சேருவார் என்பதே பெரிய கேள்வியாக எழுந்தது. ஹங்கேரிக்குக் கடற்கரை கிடையாது. அதன் ஏழு அண்டை நாடுகளில் உக்ரைன், செர்பியா தவிர்த்த ஐந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவை. 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூடியவை. போதாக்குறைக்கு, உக்ரைனியக் குழந்தைகளைச் சட்டவிரோதமாக நாடு கடத்திய குற்றச்சாட்டில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச் 17 அன்று பிறப்பித்த பிடியாணையும் அவர்மீது இருக்கிறது.

தூரத்தை மட்டும் பார்த்தால், பெலாரஸ், போலந்து, ஸ்லோவாக்கியா வழியாகச் செல்லும் வடக்குப் பாதையே குறுகியது. ஆனால் புதினின் விமானம் போலந்து வான்வெளியில் நுழைந்தால், அதைத் தரையிறக்குமாறு சுதந்திரமான போலந்து நீதிமன்றம் ஒன்று உத்தரவிடாது என்று உறுதி தர இயலாது என அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் சிகோர்ஸ்கி வெளிப்படையாகவே கூறிவிட்டார். கருங்கடலிலிருந்து நேராக ருமேனியாவைக் கடப்பதும் காகிதத்தில் எளிதுதான். ஒரே ஒரு நாட்டின் இசைவு போதும். எனினும் போர் நடக்கும் கடற்பகுதியை ஒட்டி ஒரு நாட்டின் அதிபர் பறப்பார் என்று எண்ண முடியவில்லை.

உண்மையான போட்டி தெற்கிலுள்ள இரண்டு பாதைகளுக்கு இடையில்தான். துருக்கி, பல்கேரியா, செர்பியா வழியாகச் செல்வது ஒன்று. துருக்கியைக் கடந்து, கிரேக்கத்தைச் சுற்றிக்கொண்டு, ஏட்ரியாட்டிக் கடல் வழியாக மாண்டினீக்ரோ, செர்பியாவை அடைவது மற்றொன்று. இரண்டாவது பாதையில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் நிலப்பரப்பைத் தவிர்த்துவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் பன்னாட்டு வான்போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, அரசு விமானம் எதுவும் பிற நாட்டின் மேல் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது; அந்த அனுமதியை மாண்டினீக்ரோவிடமும் கேட்டே ஆக வேண்டும். 2022 ஜூனில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குச் செல்லவிருந்த பயணம் நின்றுபோனதற்குக் காரணம், பல்கேரியா, வடக்கு மாசிடோனியா, மாண்டினீக்ரோ ஆகிய மூன்றும் கதவடைத்ததுதான். ஆகவே அத்தனை தூரம் சுற்றியும் பல்கேரியாவுக்குப் பதிலாக இன்னொரு நேட்டோ நாட்டிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் பல்கேரியப் பாதையே மேல் என்பது என் கணிப்பு. அனுமதி தரத் தயார் என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அப்போது அறிவித்ததும் அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் பல்கேரியத் தலைநகர் சோஃபியா தரும் அனுமதியிலும் உள்குத்து இருக்கலாம்: 2023 நவம்பரில் லாவ்ரோவின் விமானத்துக்கு இசைந்த பல்கேரியா, அதே விமானத்தில் ரஷ்ய வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர் ஜகரோவா வரக் கூடாது என்றது, அவர்கள் துருக்கி, கிரேக்கம் வழியாக வடக்கு மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யே போய்ச் சேர்ந்தார்கள்.

தரையிறங்கிய பின்பும் சிக்கல் இருந்தது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக ஹங்கேரி அறிவித்திருந்தாலும், அவ்விலகல் நடைமுறைக்கு வரவிருந்தது 2026 ஜூனில்தான்; அதுவரை புதினைக் கைது செய்யும் கடமை அதற்கு இருந்தது. உறுப்பு நாடான மங்கோலியா 2024 செப்டம்பரில் அவரை வரவேற்று அனுப்பிய முன்னுதாரணம் இருந்ததால், ஹங்கேரியின் அப்போதைய பிரதமர் ஆர்பானின் அரசு இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சில நாட்களிலேயே சந்திப்பு கைவிடப்பட்டதால் எந்தப் பாதையும் சோதிக்கப்படவில்லை.

2025 ஆகஸ்ட் 15 அன்று நடந்த அலாஸ்கா சந்திப்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. விமானம் கிளம்பிய ரஷ்யாவின் தூரக் கிழக்கு நகரமான மகதானுக்கும் அலாஸ்காவின் ஆங்கரேஜுக்கும் இடையில் மூன்றாவது நாடு ஒன்று குறுக்கிடவில்லை. அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் உறுப்பினரும் அல்ல.