ஹோம்ஸ்டே வெப்சைட்டுக்கு ஷேர்ட் ஹோஸ்டிங்கா, விபிஎஸ்ஸா?

கோத்தகிரியில எங்க ஹோம்ஸ்டே சைட் ஷேர்ட் ஹோஸ்டிங்லதான் (ஒரே சர்வர நிறைய பேர் பங்கு போட்டுக்கற வாடகை இடம்) ஓடுது. போன ரெனியூவலப்போ விபிஎஸ்ஸுக்கு, அதாவது சர்வர்ல நமக்குன்னு பிரிச்சுக் குடுக்கற தனிப் பகுதிக்கு, மாறலாமான்னு எல்லாத்தையும் அலசிப் பாத்துட்டு மறுபடி ஷேர்ட்டுக்கேதான் பணம் கட்டினேன். குன்னூர், ஊட்டி பக்கம் ரூம் விடறவங்க, டீத்தூள், தைலம் விக்கிறவங்க நிறைய பேர் இதையே கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

வேகத்தப் பத்தி பெருசா பேச ஒண்ணுமில்ல. விபிஎஸ்ல ராம், சிபியூ உங்களுக்குன்னு ஒதுக்கியிருக்கும், ஷேர்ட்ல ஒரே சர்வர்ல ஏகப்பட்ட சைட் ஓடும். நாலு ரூம் போட்டோ, ரேட், ஒரு என்கொயரி ஃபார்ம், இவ்ளோதான்னா ரெண்டுமே தாராளம். சர்வர் மும்பை, பெங்களூர் மாதிரி நம்ம நாட்டுக்குள்ள இருக்கான்னு மட்டும் கேட்டுக்குங்க.

முடிவு பண்ண வேண்டியது பராமரிப்ப வச்சுத்தான். விபிஎஸ் வாங்கினா காலி உபுண்டு (சர்வர ஓட்டற ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஒண்ண கையில குடுத்துருவாங்க, அப்டேட், ஃபயர்வால், சைட்ட ஓட்டற பிஹெச்பியோட வெர்ஷன், டேட்டாபேஸ், பேக்கப் எல்லாம் அதுக்கப்புறம் நம்ம தலையிலதான். சர்வர ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துலயே எங்கெங்கிருந்தோ பாஸ்வேர்ட் போட்டுப் பாக்க ஆரம்பிச்சிருவாங்க, யாரு உள்ள நுழையப் பாத்தாங்கன்னு பதிவாகற லாகின் லாக தெறந்தா ரூட், அட்மின், டெஸ்ட்னு யூசர் நேமா வரிசையா வந்துகிட்டே இருக்கும். சைட் பாதுகாப்பானதுன்னு ப்ரவுசருக்குக் காட்ட லெட்ஸ் என்கிரிப்ட் ஃப்ரீயா குடுக்கற சர்டிபிகேட் அதிகபட்சம் 90 நாள்தான், தானா புதுப்பிக்கிறது எங்கயாவது நின்னுபோச்சுன்னா ப்ரவுசர் இது பாதுகாப்பான சைட் இல்லன்னு சொல்லும், அதப் பாத்துட்டு யாரு அட்வான்ஸ் கட்டுவா? மெயிலும் அப்படித்தான், டிஜிட்டல் ஓஷன் மாதிரி விபிஎஸ் விக்கிற இடங்கள்ல மெயில் போற போர்ட்டையே அடைச்சு வச்சிருப்பாங்க, அதுக்குத் தனியா ஒரு சர்வீஸ் பிடிக்கணும்.

நம்ம மலையில இதுக்கு மேல ஐப்பசி கார்த்திகை மழை வேற. குன்னூர்ல தெரிஞ்சவர் ஒருத்தரோட விபிஎஸ்ல லாக் ஃபைல் சேந்து சேந்து டிஸ்க் 100 சதவீதம் நெறஞ்சு டேட்டாபேஸ ஓட்டற மைஎஸ்க்யூஎல் படுத்துருச்சு, சைட்ட தெறந்தா டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர்னு ஒத்த வரிதான். அன்னிக்குன்னு மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்சரிவு, கரண்ட் இல்ல, போன்ல டவர் ஒரு புள்ளி. எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்தே சர்வருக்குள்ள போற வழி) உள்ள போய் ஒரு கமாண்ட் அடிச்சா பாதியில கட்டாகுது. பழைய லாக அழிச்சா முடிஞ்சுது, அஞ்சு நிமிஷ வேலை, ஆனா மறுநாள் நெட் வந்தப்புறம்தான் அவரால செய்ய முடிஞ்சுது. ஷேர்ட்ல அந்த சர்வர் வேலைய எல்லாம் கம்பெனி ஆளுங்க பாத்துக்குவாங்க, நமக்கு மிச்சம் வேர்ட்பிரஸ் (சைட்ட நாமளே எழுதி மாத்தற சாஃப்ட்வேர்), அதோட சேக்கற ப்ளகின் அப்டேட்தான், அது போன்லயே முடிஞ்சிரும்.

ஷேர்ட்லயும் குறை இருக்கு. விளம்பரத்துல போடற விலை முதல் தடவைக்கு மட்டும், ரெனியூவல்ல ரெண்டு மூணு மடங்கு கேக்கறது சகஜம், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. அன்லிமிடெட்னு போட்டிருந்தாலும் ஃபைல் எண்ணிக்கைக்கு, சிபியூவுக்கு எல்லாம் வரம்பு உண்டு. மே மாசம் மலர் கண்காட்சி சமயத்துல ஒரே நேரத்துல கூட்டம் வந்தா 508ன்னு எரர் காட்டும், வரம்பு தாண்டிருச்சுன்னு அர்த்தம். பக்கங்கள முன்னாடியே தயாரா வச்சுக்கற கேஷ் ப்ளகின் போட்டு, போன்ல எடுத்த 5 எம்பி போட்டோவ அப்படியே ஏத்தாம வெப்பி (WebP) ஃபார்மட்டுக்கு சின்னதா மாத்தி ஏத்தினா எங்கள மாதிரி சின்ன சைட்டுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பராமரிப்பே வேணாம்னா ஸ்டாட்டிக் சைட்தான் (டேட்டாபேஸ் இல்லாம ரெடியா எழுதி வச்ச பக்கங்கள்) இன்னும் நிம்மதி, க்ளவுட்ஃப்ளேர் பேஜஸ்ல ஃப்ரீயாவே வைக்கலாம். இதே மாதிரி ஃப்ரீயா கிடைக்கற கிட்ஹப் பேஜஸ பிசினஸ் நடத்த வச்சுக்கக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு, கவனிங்க. ஆனா சீசன் ரேட்ட அடிக்கடி மாத்தணும், அத வீட்ல யாரு வேணாலும் செய்யணும்னா வேர்ட்பிரஸ்தான் வசதி, நான் அங்க போகாததுக்கு அது ஒண்ணுதான் காரணம்.

ஆன்லைன்லயே காசு வாங்கி தெனம் நூறு பார்சல் அனுப்பற கடைய நான் நடத்தினதில்ல, அந்த அளவுக்கு வியாபாரம் இருந்தா மாச சம்பளத்துக்கு சர்வர் பாக்க ஆள் வச்சு விபிஎஸ் எடுக்கறது சரியா இருக்கலாம்.

எத எடுத்தாலும் டொமைன ஹோஸ்டிங் கம்பெனிகிட்ட வாங்காம, ஃப்ரீன்னு குடுத்தாலும் வேணாம், தனியா உங்க பேர்ல, உங்க மெயில்ல வாங்குங்க. மாசம் ஒரு தடவ சிபேனல்ல (ஷேர்ட் ஹோஸ்டிங்ல குடுக்கற கன்ட்ரோல் பக்கம்) முழு பேக்கப் எடுத்து வீட்டு கம்ப்யூட்டர்ல வச்சுக்குங்க. ரெனியூவல்ல விலைய ஏத்தினாங்கன்னா சிபேனல் இருக்கற வேற கம்பெனிக்கு அதே பேக்கப்ப குடுத்து மாறிக்கலாம்.