நீள ஊதாக் கத்தரியா, பச்சை உருண்டைக் கத்தரியா?

கோலாலம்பூர் சௌக்கிட் சந்தையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் கிடக்கும். சாம்பாருக்கு எப்போதும் நீள ஊதாக் கத்தரிதான் எங்கள் வீட்டில்.

சத்துக் கணக்கில் ஊதாவுக்கு ஒரு கூடுதல் உண்டு. அதன் தோலில் நாசுனின் என்ற நிறமி இருக்கிறது. அது ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். பச்சைத் தோலில் அது கிடையாது. ஆனால் தோலைச் சீவிப் போட்டுவிட்டால் அந்தப் பெருமையும் குப்பைக்கூடைக்குத்தான்.

சதைக்கு வந்தால் கதை வேறு. காப்பிக்கொட்டையில் உள்ள அதே குளோரோஜெனிக் அமிலம்தான் கத்தரிச் சதையிலும் முக்கியம், இரண்டிலும் உண்டு. நறுக்கியதும் தண்ணீரில் போடாவிட்டால் பழுப்பாகிறதே, அதற்குக் காரணம் இதுபோன்ற பீனாலிக் சேர்மங்களும் நொதியும் காற்றும் சேர்வதுதான். அதற்காக, அதிகம் கறுக்கும் காயில்தான் சத்து அதிகம் என்று சொல்லிவிட முடியாது. நொதியின் வேகமும் ரகத்துக்கு ரகம் மாறும்.

ரக வித்தியாசம் சின்னதல்ல. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வில் 'பிளாக் மேஜிக்' என்ற ரகத்தில், ஒப்பிட்ட மற்ற ரகங்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு பீனாலிக் இருந்தது. அது கூடினால் கசப்பும் கூடலாம், அதுதான் சிக்கல்.

பச்சை உருண்டை? விதை அதிகம், கடித்தால் நறுக்கென்று இருக்கும். சமைக்காமல் பச்சையாகவே சம்பலில் (மலாய் மிளகாய் விழுது) தொட்டுச் சாப்பிட அதுதான் சரி.