சின்ன மீன்தொட்டியில் பாசி: நீண்ட நாள் பயன்பாட்டில் எது தேறியது, எது தேறவில்லை

20 முதல் 40 லிட்டர் வரை பிடிக்கும் தொட்டிகளில் பாசிக்கென்று சொல்லப்படும் வைத்தியங்களை மாதக்கணக்கில் விடாமல் செய்து பார்த்தால், முதலிடம் எந்த மருந்துக்கும் போவதில்லை. லைட்டுக்குப் போடும் டைமருக்குத்தான் போகிறது. காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கப் போகும்போது அணைக்கும் வீட்டில் லைட் 14 மணி நேரம் எரிந்துவிடும். செடி உள்ள தொட்டிக்கே 6 முதல் 8 மணி நேரம் போதும். பாசி ஏறிய தொட்டியில் அதை 6 மணி நேரமாகக் குறைத்துவிட்டு, 3 வாரம் வேறெதிலும் கை வைக்காமல் இருப்பது நல்லது. லைட், உரம், ஃபில்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. ஜன்னல் வெயில் நேராக விழும் தொட்டிக்கு டைமரால் பயனில்லை. இடம் மாற்ற வேண்டும், அல்லது அந்தப் பக்கக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மறைக்க வேண்டும்.

அடுத்தது தீனி. மீன்கள் 2 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் விழுவதெல்லாம் பாசிக்குப் போடும் உரம். வாரம் ஒருமுறை 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றும்போது சைஃபன் குழாயை அடிக்கற்களுக்குள் விட்டு அழுக்கை இழுக்கவும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலிருந்து அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா சாகும், அம்மோனியா ஏறும், பின்னாலேயே பாசியும் வரும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும்.

இவ்வளவு செய்தும் போகாதபோதுதான் என்ன பாசி என்று பார்க்க வேண்டும். புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம் டயாட்டம். துடைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் தானே குறையும். அதற்கு மருந்து வாங்குவது வீண். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிகளுக்கு பிளேடுதான். காந்த ஸ்கிரப்பரில் அதைத் தேய்த்தால் கைதான் வலிக்கும், போதாததற்கு நடுவில் ஒரு மணல் சிக்கினால் கண்ணாடி முழுக்கக் கோடு விழும். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு வைக்கவே கூடாது. செடித் தொட்டியில் இந்தப் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்தால் பாஸ்பேட் குறைவா என்று சோதித்துப் பாருங்கள். சத்து அதிகமானால் மட்டும்தான் பாசி வரும் என்றில்லை.

உண்மையில் பொறுமையைச் சோதிப்பது கறுப்புத் தாடிப் பாசி. இது சிவப்புப் பாசி இனம். அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் செடிகளின் இலை ஓரத்திலும், மரக்கட்டையிலும், ஃபில்டர் வாயிலும் குஞ்சம் குஞ்சமாகப் பிடிக்கும். செடி வளரக் கார்பன் டை ஆக்சைடு வாயு விடும் தொட்டியில் அந்த வாயுவின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கினால் வரும். விடாத தொட்டியில் பெரும்பாலும் தேங்கிய கழிவுதான் காரணம். இதற்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நன்றாகவே வேலை செய்கிறது. ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றதும், சிரிஞ்சால் பாசியின் மேலேயே மெதுவாக விடவும். 10 நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடலாம். ஒரு நாளில் 10 லிட்டருக்கு 3 மி.லி.க்கு மேல் போகக் கூடாது, லிட்டரைக் கணக்கிடும்போது கல், மண்ணின் இடத்தைக் கழித்துக்கொள்ளவும். சில நாளில் பாசி இளஞ்சிவப்பானால் செத்துவிட்டது என்று அர்த்தம். பாதிக்கு மேல் மூடிய இலையை வெட்டி எறிவதே மேல். மாஸ் செடிமேல் இதை விடாதீர்கள், கருகும்.

செடிகளுக்குத் திரவ கார்பன் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு. அதுவும் தாடிப் பாசியைக் கொல்லும். ஆனால் வாலிஸ்னேரியா செடி கரைந்து போகும், அளவு கூடினால் மீனும் மிஞ்சாது. கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய சரக்கு.

வழவழவென்று போர்வை மாதிரி உரிந்து வரும் நீலப்பச்சைப் படலம் பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. நாற்றமே காட்டிக்கொடுக்கும். உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியைத் துணியால் 3 நாள் முழுக்க மூடி, ஏர் பம்பை மட்டும் ஓடவிடவும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். செத்தது அங்கேயே அழுகினால் மறுபடி ஆரம்பம். நைட்ரேட் பூஜ்யமாக இருந்தாலும் இது வரும் என்பதால் செடித் தொட்டியில் லிட்டருக்கு 10 மி.கி. அளவில் வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரே பச்சையாக மாறினால் மட்டும் யுவி விளக்கு. சில நாளில் தெளியும். கண்ணாடியில் ஒட்டிய பாசியை அது தொடாது.

பாசி தின்னும் உயிர்களில் சின்னத் தொட்டிக்குப் பொருந்துவது நெரைட் நத்தையும் அமானோ இறாலும்தான். நெரைட் நன்னீரில் பெருகாது, ஆனால் வெள்ளை முட்டைகளை எங்கும் ஒட்டிவைக்கும், சுரண்டத்தான் வேண்டும். அமானோ நூல் பாசியை நன்றாக மேயும், தீனி தாராளமாகக் கிடைத்தால் பாசிப் பக்கம் திரும்பாது. குட்டியாக விற்கப்படும் சாதாரண பிளெக்கோ மீன் 30 செ.மீ.க்கு மேல் வளரும், 40 லிட்டரில் அதற்கு இடமில்லை. நத்தையோ இறாலோ விட்ட பிறகு பாசிக்கொல்லி வாங்க நேர்ந்தால் லேபிளில் தாமிரம் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் பாசிக்கு முன்னால் அவைதான் சாகும்.